வாசல் விலை

காமிராவுக்கு இரண்டு விலை உண்டு. ஒன்று திரை விலை, இன்னொன்று வாசல் விலை. ராத்திரி பதினோரு மணிக்கு, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, கைபேசி வெளிச்சத்தில் பார்த்துப் பரவசப்படுகிறோமே, அது திரை விலை. மூன்று வாரம் கழித்து உச்சி வெயிலில் கூரியர் பையன் வந்து நின்று, "ஸார், கஸ்டம்ஸ் பணம் கட்டணும்" என்கிறானே, அப்போது வீட்டு அம்மாளின் முன்னிலையில் வெளியாவது வாசல் விலை. முதல் விலையை மட்டும் பார்த்துவிட்டுப் பொத்தானை அமுக்குகிறவர்கள் நாளுக்கு நாள் பெருகி வருகிறார்கள். இந்த வாரம் அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

"கையில் இருக்கிற போனே படம் எடுக்கிறதே, பழைய காமிரா எதற்கு?" என்று கேட்பவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். சமையலறையில் மிக்ஸி இருக்கும்போதே சிலர் அம்மியைத் தேடி அலைவதில்லையா? காலேஜில் படிக்கிற பிள்ளைகள் பிலிம் போட்டு எடுக்கும் காமிராவுக்கு ஆசைப்படுகிறார்கள். ஒரு சுருளில் முப்பத்தாறு படம்தான் என்றால் முப்பத்தாறு தடவை யோசித்துத்தான் எடுக்கவேண்டும். அந்த யோசனையில் ஒரு ருசி இருக்கிறது என்கிறார்கள். நமக்கு ஏன் பொறாமை? ருசி இருந்துவிட்டுப் போகட்டும். ரூபாய் அணாக் கணக்கைப் பார்ப்போம்.

இந்தப் பழைய காமிராக்களில் பெரும் பகுதி ஜப்பானிலிருந்து வருகிறது. காரணம் இல்லாமல் இல்லை. ஒரு காலத்தில் ஜப்பான் சரக்கு என்றால் மேல்நாட்டார் உதட்டைப் பிதுக்குவார்கள். 1950-ல் கொரிய யுத்தத்தைப் படம் பிடிக்கப் போன அமெரிக்கப் போட்டோகிராபர் டேவிட் டக்ளஸ் டங்கன், டோக்கியோவில் நிக்கார் லென்ஸைப் பார்த்து அசந்து போய், தம்முடைய ஜெர்மன் காமிராவிலேயே அதை மாட்டிக்கொண்டார். அங்கிருந்து காற்று திசை மாறியது. 1954-ல் காமிராக்களைப் பரிசோதிப்பதற்கென்றே ஜப்பானியர்கள் ஒரு ஸ்தாபனம் வைத்தார்கள். அதில் தேறிய காமிராவின் மேல் பொன்னிறத்தில் முட்டை வடிவச் சீட்டு ஒன்று ஒட்டப்படும். 'பாஸ்டு' என்று அதில் அச்சிட்டிருக்கும். அந்தச் சின்னச் சீட்டு இன்னும் உரியாமல் இருக்கும் காமிராவுக்கு ரசிகர்கள் உயிரை விடுகிறார்கள். 1959-ல் நிக்கான் எஃப் வந்தது. பிறகு கேட்கவேண்டுமா? ஒலிம்பஸ், பென்டாக்ஸ், கேனன், மினோல்டா, யாஷிகா என்று வரிசையாக வந்தன. தயாரித்த ஊரிலேயே வாங்கினவர்களும் ஏராளம். அவர்கள் பத்திரமாக வைத்திருந்ததெல்லாம் பேரன் பேத்திகள் காலத்தில் அலமாரியிலிருந்து இறங்கி வருகிறது.

இன்னொரு வேடிக்கை சொல்கிறேன். அந்தக் காலத்து ஜப்பான் காமிராக்கள் சிலவற்றில் சின்ன சாய்சதுரம் ஒன்று பொறித்து, அதற்குள் 'ஈ.பி.' என்று இரண்டு எழுத்து இருக்கும். அமெரிக்கப் படையினரும் வெளிநாட்டாரும் உள்நாட்டு வரி கொடுக்காமல் வாங்கிய சரக்குக்கு அது அடையாளம். வரியில்லாமல் போன காமிரா என்று பெருமையாகப் பச்சை குத்திக்கொண்ட அதே யந்திரம், அறுபது வருஷம் கழித்து நம்முடைய ஊரில் வரி கட்டி இறங்குகிறது!

அங்கே பழைய சாமான் விற்பதற்கு லைசென்ஸ் வேண்டும். 1949-ஆம் வருஷத்துச் சட்டம் அது. போலீஸ் ஸ்டேஷன் வழியாக மனுப் போட்டுப் பெறவேண்டும். நாணயமான கடைக்காரர்கள் அந்த லைசென்ஸ் நம்பரை இணையத்தில் தங்கள் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். அதைக் கண்ணால் பார்த்துவிட்டு மேலே படிப்பது நல்லது. யென் நாணயத்தின் மதிப்பு இறங்கியதும் இந்த வியாபாரத்துக்கு ஒரு காரணம். 2024 ஜூலையில் ஒரு டாலருக்கு 161 யென்னுக்கும் மேல் என்று ஆகிவிட்டது. 1986-க்குப் பிறகு அவ்வளவு தாழ்ந்ததே இல்லை. உலகத்தின் நாலா மூலையிலிருந்தும் ஜனங்கள் ஜப்பான் கடைகளில் விழுந்தார்கள்.

சரி, சரக்கைப் பார்ப்போம். விற்கிறவர்களுக்கென்று ஒரு பாஷை இருக்கிறது. கல்யாணத் தரகர் பாஷை மாதிரிதான். 'பெண் மாநிறம்' என்றால் நாம் ஊகித்துக்கொள்வதில்லையா? 'மின்ட்' என்றால் புதுக்கருக்கு அழியாதது. 'நியர் மின்ட்' என்றால் கொஞ்சம் அழிந்தது. 'எக்ஸலண்ட்' என்று போட்டு அதன் பின்னால் ஐந்து கூட்டல் குறி போட்டிருந்தால், நன்றாக உழைத்த காமிரா என்று அர்த்தம். வெறும் 'எக்ஸலண்ட்' என்றால் கொஞ்சம் தயங்கவேண்டும். 'ஜங்க்' என்றால் தயக்கமே வேண்டாம், ஓடிவிடலாம். ஓடாது, திருப்பி வாங்க மாட்டோம், கேள்வி கேட்காதே என்று மூன்றும் அந்த ஒரு வார்த்தைக்குள் அடக்கம். 'பரிசோதிக்கவில்லை' என்று எழுதியிருந்தால், பரிசோதித்துப் பார்த்தார்கள், வேலை செய்யவில்லை என்று எடுத்துக்கொள்வது நம் உடம்புக்கு நல்லது.

எல்லாவற்றையும்விடச் சாமர்த்தியமான வாக்கியம் ஒன்று உண்டு. 'லென்ஸில் லேசான பூசணம் இருக்கிறது. படத்தைப் பாதிக்காது' என்பார்கள். இன்றைக்குப் பாதிக்காதுதான். சென்னையிலே, கார்த்திகை மாசத்து அடைமழையில், பீரோவுக்குள் வைத்திருந்தால் அந்த லேசான பூசணம் சும்மா இருக்குமா? ஊறுகாய் ஜாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்த கதைதான். கண்ணாடியின் மேல் பூச்சை அது அரித்துவிட்டால் துடைத்தாலும் தழும்பு போகாது. ஆகையால் லென்ஸுக்குப் பின்னாலிருந்து விளக்கு அடித்து எடுத்த படம் ஒன்று அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ஒரு வினாடி, அரை வினாடி வேகத்தில் ஷட்டர் சரியாகத் திறந்து மூடுகிறதா என்று கேளுங்கள். வேகமாக அடிப்பது எந்தக் காமிராவுக்கும் சுலபம். மெதுவாக நடக்கும்போதுதான் கிழத்தின் முழங்கால் தெரியும். பின்கதவின் ஓரத்தில் வெளிச்சம் புகாமல் இருக்கக் கறுப்பு நுரைப் பஞ்சு வைத்திருப்பார்கள். அது காலக்கிரமத்தில் தார் மாதிரி உருகிப் பிசுபிசுக்கும். அதற்காகப் பயப்பட வேண்டாம். நம் ஊர் மெக்கானிக்கே மாற்றிக் கொடுத்துவிடுவார்.

இனி வாசல் விலை.

சொந்த உபயோகத்துக்காகத் தபாலிலோ கூரியரிலோ வெளிநாட்டிலிருந்து வருகிற சாமானுக்கு, சுங்க அட்டவணையில் 98-வது அத்தியாயத்தில் 9804 என்று ஓர் இலக்கம் இருக்கிறது. வருவது காமிராவானாலும் சரி, காலணியானாலும் சரி, வரி கட்டவேண்டிய சாமான் என்றால் பொதுவாக இந்த ஒரே கொட்டகைக்குள் கொண்டு வந்து நிறுத்திவிடுவார்கள். வரி ஒன்றல்ல. முதலில் அடிப்படைச் சுங்கம். பிறகு ஜி.எஸ்.டி. இரண்டாவதை, முதலாவதையும் சேர்த்த தொகையின் மேல் போடுவார்கள். வரிக்கு வரி என்று கோபித்துக்கொண்டு பிரயோஜனமில்லை, ஏற்பாடே அப்படி. 2017-ல் ஜி.எஸ்.டி. பிறந்தபோது இந்த இலக்கத்துக்கு 28 சதவிகிதம் வைத்தார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 ஆயிற்று. அடிப்படைச் சுங்கத்தையும் 20-லிருந்து 10 சதவிகிதமாகக் குறைப்பதாக 2026 பட்ஜெட்டில் நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் அறிவித்தார். பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் இந்த எண்கள் புரளும். பொத்தானை அமுக்குவதற்கு முன்னால் அன்றைய விகிதத்தைச் சுங்க இலாகாவின் இணையப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளவேண்டும். கணக்குப் போடும் முறை மட்டும் மாறாது.

பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். காமிரா விலை 20,000 ரூபாய், விமானத்தில் அனுப்பும் கூலி 4,500 என்று வைத்துக்கொள்வோம். வரி போடுவது காமிராவின் விலைக்கு மட்டும் அல்ல. அனுப்பும் கூலியும் இன்ஷூரன்ஸும் சேர்ந்த தொகைக்கு. ஆனால் இங்கே நமக்குச் சாதகமான சங்கதி ஒன்று இருக்கிறது; அநேகம் பேருக்குத் தெரியாது. விமானக் கூலி எவ்வளவு ஆனாலும் சரக்கு விலையில் 20 சதவிகிதத்துக்கு மேல் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று 2007-ஆம் வருஷத்து மதிப்பீட்டு விதி சொல்கிறது. ஆகவே 4,500-க்குப் பதில் 4,000 போதும். இன்ஷூரன்ஸ் தொகை தனியாகத் தெரியாவிட்டால் சரக்கு விலையில் 1.125 சதவிகிதம் என்று எடுத்துக்கொள்வார்கள். அது 225 ரூபாய். மொத்தம் 24,225. இதில் 10 சதவிகிதம் சுங்கம் 2,422 ரூபாய் 50 காசு. இரண்டையும் கூட்டினால் 26,647 ரூபாய் 50 காசு. அதில் 18 சதவிகிதம் 4,796 ரூபாய் 55 காசு. ஆக வரி 7,219 ரூபாய் சொச்சம். சுங்கத்தின் தலைமேல் சமூக நல மேல்வரி என்று 2018-ல் வந்த இன்னொன்றும் ஏறும் சரக்கானால் சுமார் முந்நூறு ரூபாய் கூடும்.

இதோடு தீர்ந்ததா? சுங்கத்தில் முன்பணம் கட்டிச் சரக்கை மீட்டதற்காகக் கூரியர் கம்பெனி தனியாக ஒரு கூலி கேட்கும். அந்தக் கூலிக்கும் ஜி.எஸ்.டி. உண்டு. பாங்கிக்காரர் அந்நிய நாணயம் மாற்றியதற்கு ஒரு கிள்ளு கிள்ளிக்கொள்வார். எல்லாம் சேர்த்துத் திரையில் 20,000 ரூபாய் என்று கண்சிமிட்டிய காமிரா, வாசலில் ஏறக்குறைய 33,000 ரூபாய்க்கு வந்து இறங்குகிறது.

'அனுப்பும் கூலி இலவசம்' என்று சிலர் விளம்பரம் செய்கிறார்கள். கூலியை விலைக்குள்ளே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பில்லில் ஒரே தொகையாக இருந்தால், அந்த 20 சதவிகித உச்சவரம்பால் நமக்குப் பலன் கிடையாது. விலை வேறு, கூலி வேறு என்று பிரித்துப் பில் போடும் கடையே எனக்குப் பிடிக்கிறது.

இப்போது சொல்லப் போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வரியைக்கூடக் கட்டிவிடலாம், இந்த விஷயத்தில் தடுக்கி விழுந்தால் காமிராவே போய்விடும். நம்முடைய வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையில், 2023-ல் வெளியான புத்தகத்தில் 2.31 என்ற பத்தியில், யந்திர சாதனங்கள் அல்லாத பழைய சரக்குகள் 'கட்டுப்படுத்தப்பட்ட'வை என்று எழுதியிருக்கிறது. அதாவது, அனுமதிப் பத்திரம் இல்லாமல் இறக்குமதி செய்யக் கூடாது. சொந்த உபயோகத்துக்கென்று ஒற்றைக் காமிரா வாங்கும் அநேகம் பேருக்குப் பார்சல் சிரமமில்லாமல் வந்து சேருகிறது என்பதும் உண்மைதான். ஆனால், "பழைய சரக்கு ஆயிற்றே, அனுமதி எங்கே?" என்று அதிகாரி கேட்டால், கேட்பதற்கு அவருக்குச் சட்டம் இருக்கிறது. 1962-ஆம் வருஷத்துச் சுங்கச் சட்டத்தின் 125-வது பிரிவின்படி, பறிமுதல் செய்வதற்குப் பதிலாக அபராதம் கட்டி மீட்டுக்கொள்ளச் சொல்லலாம். வேண்டாம் என்றால் காமிராவை விட்டுவிட்டு வரவேண்டியதுதான். எதிர்த்த வீட்டுக்காரருக்கு வந்துவிட்டது என்பதை நமக்கும் வருவதற்கு உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒரே பெயருக்கு மாசம் மூன்று காமிரா வந்தால் அது சொந்த உபயோகமா, கடை வியாபாரமா என்று யாருக்கும் சந்தேகம் வரத்தானே செய்யும்?

இத்தனை வரிக்கும் ஒரே மருந்து என்று சிலர் ரகசியமாக ஒரு யோசனை சொல்லித் தருகிறார்கள். "விற்கிறவனிடம் சொல்லி 'கிஃப்ட்' என்று எழுதச் சொல்லு. விலையை நாற்பது டாலர் என்று போடச் சொல்லு. தீர்ந்தது!"

தீரவில்லை. போன மாசம் எங்கள் காரியாலயத்துக்கு ஒரு பெரியவர் வந்திருந்தார். மாயவரம் பக்கம். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தகப்பனார் அந்த நாளில் ஸ்டூடியோ வைத்திருந்தார். கழுத்தில் தொங்கவிட்டுக் குனிந்து பார்த்துப் படம் எடுக்கும் இரட்டை லென்ஸ் காமிரா, யாஷிகாமேட் 124ஜி. 1988-ல் தங்கையின் கல்யாணத்தின்போது அதை விற்றார்களாம். நாயனத்துக்கும் மேளத்துக்கும் ஆயிற்றாம். அந்தத் தங்கையின் பிள்ளை இப்போது பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். மாமாவுக்கு அதே காமிராவை வாங்கித் தரவேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஒசாகாவில் ஒரு வியாபாரியிடம் பிடித்தான். நல்ல பிள்ளை, கொஞ்சம் கூடுதல் கெட்டிக்காரன். 'கிஃப்ட், நாற்பது டாலர்' என்று எழுதச் சொல்லிவிட்டான். வியாபாரியும் எழுதிவிட்டார்.

பார்சல் சுங்கத்தில் நின்றது. விலைக்கு அத்தாட்சி கேட்டுக் கடிதம் வந்தது. யாஷிகாமேட் நாற்பது டாலருக்குக் கிடைக்காது என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியாதா? இணையம் அவர்கள் மேஜையிலும்தான் இருக்கிறது. எழுதியிருக்கும் விலையில் சந்தேகம் வந்தால் ஆதாரம் கேட்க அதே 2007-ஆம் வருஷத்து விதிகள் இடம் கொடுக்கின்றன. பெரியவர் பில்லையும் பாங்கிச் சீட்டையும் எடுத்துக்கொண்டு நேரே போய் நின்றார்.

"கிஃப்ட் என்று போட்டிருக்கிறதே, பெரியவரே! ஜப்பானில் உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?"

"யாரும் இல்லை, ஸார்."

"பின்னே யார் கொடுத்த கிஃப்ட்?"

"என் தங்கை பிள்ளை கொடுத்தது. பெங்களூரில் இருக்கிறான்."

அதிகாரி சிரித்துவிட்டாராம். சிரித்துவிட்டு, உண்மை விலைக்கு வரி போட்டு, பொய் விலைக்கும் பழைய சரக்குக்குமாகச் சேர்த்து அபராதமும் போட்டார். அபராதம், வரியில் முக்கால் பங்கு. பையன் மிச்சம் பிடிக்க நினைத்தது ஏழாயிரம் சொச்சம். அந்த ஏழாயிரமும் போய், மேலே ஐயாயிரத்துக்கு மேல் கைவிட்டது. நாற்பத்தோரு நாள் தாமதம் வேறு. பெரியவருக்கு அதிகாரியிடம் கோபம் இல்லை. "நாற்பது வருஷம் பையன்களிடம் 'காப்பி அடிக்காதே' என்று சொன்னவன், ஸார். என் பெயரை எழுதி அனுப்பின பெட்டியின் மேல் இப்படி ஒரு சீட்டு ஒட்டியிருந்தது பாருங்கள், அதுதான் தாங்கவில்லை" என்றார். மருமானிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையாம். கொடுத்தவன் மனசு நோகக் கூடாதாம்.

கிஃப்ட் சலுகை என்று ஒன்று முன்பு இருந்தது வாஸ்தவம். 2016-லிருந்து 20,000 ரூபாய் மதிப்பு வரை அன்பளிப்புக்கு விலக்கு இருந்தது. இணையக் கடைகளில் காசு கொடுத்து வாங்கியதையெல்லாம் அன்பளிப்பு என்று அனுப்ப ஆரம்பித்தார்கள். 2019 டிசம்பரில் சர்க்கார் அந்தக் கதவைச் சாத்தியது. உயிர் காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டும் திட்டிவாசல் விட்டார்கள். இது தெரியாமல் பழைய யோசனையையே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது மட்டுமா? நாற்பது டாலர் என்று எழுதிய பெட்டி நடுவழியில் காணாமல் போனால், நஷ்ட ஈடும் அந்த நாற்பது டாலரை ஒட்டித்தான் கிடைக்கும். அப்போது போய், "இல்லை, இல்லை, இருநூற்று ஐம்பது டாலர்" என்று யாரிடம் முறையிடுவது?

நம் தேசத்தில்தான் இந்தத் தொல்லை என்று நினைக்கவேண்டாம். அமெரிக்காவில் 2016 முதல் 800 டாலர் வரை வெளிநாட்டுப் பார்சலுக்கு வரியே இல்லாமல் இருந்தது. அங்கே இருக்கும் காமிராப் பிரியர்கள் ஜப்பானிலிருந்து கத்தரிக்காய் வாங்குவதுபோல் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2025 ஆகஸ்ட் 29-ந் தேதியோடு அந்தச் சலுகை எல்லாத் தேசத்துச் சரக்குக்கும் நின்றது. யார் வரியை வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்று புரியாமல், ஜப்பான் உள்படப் பல நாட்டுத் தபால் இலாகாக்கள் அமெரிக்காவுக்குப் போகும் வியாபாரப் பார்சல்களை ஏற்பதையே நிறுத்தி வைத்தன. ஐரோப்பிய யூனியனில் 22 யூரோ வரைக்கும் இருந்த சின்ன விலக்கும் 2021 ஜூலை முதல் தேதியோடு போயிற்று. கடலைத் தாண்டி வரும் சின்னப் பெட்டிகளைக் கண்டுகொள்ளாமல் விட்ட காலம் எங்குமே மலையேறி வருகிறது.

வந்த காமிரா ஓடாவிட்டால் என்ன செய்வது? திருப்பி அனுப்பினால் விலையை வியாபாரி கொடுத்துவிடலாம். அனுப்பும் கூலி பெரும்பாலும் நம் தலையில். கட்டிய சுங்கம்? பழுதான சரக்கைக் குறித்த நாளுக்குள் திருப்பி ஏற்றுமதி செய்தால் தீர்வையைத் திரும்பப் பெறச் சுங்கச் சட்டத்தில் 26ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஒற்றைக் காமிராவைத் தூக்கிக்கொண்டு அந்தப் பிரிவின் பின்னால் அலைவதற்குப் பொறுமையும் போக்குவரத்துச் செலவும் வேண்டும். ஆகையால்தான் வாங்குவதற்கு முன்னால் பத்துக் கேள்வி கேட்கச் சொல்கிறேன்.

வேறு ஒரு வழியும் உண்டு. உங்கள் மைத்துனரோ ஓரகத்தியோ டோக்கியோ போய்த் திரும்புகிறார்களா? இந்தியாவுக்குத் திரும்பும் பயணி தம்மோடு கொண்டு வரும் சாமானுக்கு ஒரு வரம்பு வரை வரியில்லை. 2016 விதிகளில் 50,000 ரூபாயாக இருந்த வரம்பு 2026 பிப்ரவரியில் 75,000 ஆயிற்று. அங்கேயே கடையில் கையில் எடுத்து, ஷட்டரை அமுக்கிப் பார்த்து வாங்கலாம். ஆனால் உறவுக்காரரிடம் காமிரா வாங்கிவரச் சொல்வதில் வேறு சில செலவுகள் உண்டு. வருஷக் கணக்கில் அவர் அதைச் சொல்லிக் காட்டுவார்.

இன்னொரு பயங்கரம் இருக்கிறது. காமிரா வாங்காத வீட்டுக்கும் இது வரும் என்பதால் இதை எல்லோரும் படிக்கவேண்டும். "உங்கள் பெயருக்கு வந்த பார்சல் சுங்கத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது" என்று டெலிபோன் வரும். பேசுகிறவர் மிகவும் மரியாதையாகத்தான் ஆரம்பிப்பார். பெட்டிக்குள் போதை மருந்து இருக்கிறது என்பார். போலீஸ் உடுப்பில் ஒருவர் வீடியோவில் வருவார். உங்களை 'டிஜிட்டல் கைது' செய்திருப்பதாகச் சொல்லுவார். பணம் அனுப்பினால் விடுதலை. நம் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையவே கிடையாது. சுங்க இலாகா யாருடைய சொந்த பாங்கிக் கணக்கிலும் வரியைப் போடச் சொல்லாது. அவர்கள் அனுப்பும் கடிதத்தில் டி.ஐ.என். என்று ஓர் அடையாள எண் இருக்கும். மத்திய மறைமுக வரி வாரியத்தின் இணையப் பக்கத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தால் நிஜமா, போலியா என்று தெரிந்துவிடும். சந்தேகம் வந்தால் டெலிபோனை வைத்துவிட்டு 1930-க்குப் பேசுங்கள். வெளிநாட்டுப் பார்சலை நிஜமாகவே எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில்தான் இந்த வலை சுலபமாக விழும். காமிரா வருகிறது என்று மாப்பிள்ளைக்கு மட்டும் தெரிந்து, வீட்டில் இருக்கிற அம்மாவுக்குத் தெரியாமல் இருந்தால், அந்த அம்மாள் என்ன செய்வாள்? ஆகையால் ரகசியமாகக் காமிரா வாங்குகிற கணவன்மார்கள் இந்த ஒரு காரணத்துக்காகவாவது வீட்டில் சொல்லிவிடுவது உத்தமம்.

மாயவரத்துப் பெரியவரின் காமிரா வேலை செய்கிறது. அதற்குள் வெளிச்சம் அளக்கும் மீட்டர் ஒன்று உண்டு. அந்த நாளில் அதற்குப் பாதரச பாட்டரி போட்டார்கள், 1.35 வோல்ட். பாதரசம் விஷம் என்று அந்த பாட்டரி உற்பத்தியே நின்றுவிட்டது. இப்போது அதே அளவில் கிடைப்பது 1.5 வோல்ட், போட்டால் மீட்டர் கொஞ்சம் பொய் சொல்லும். "அப்பா மீட்டரைப் பார்த்ததே இல்லை, ஸார். திண்ணையில் விழுகிற வெயிலைப் பார்த்தே சொல்லிவிடுவார்" என்றார் பெரியவர். பாட்டரி போடாமலே முதல் சுருளை எடுத்து முடித்தாராம். பன்னிரண்டு படம். அதில் நாலு படம் தங்கையை மட்டும்.

நேற்று அவரிடமிருந்து ஒரு கார்டு வந்திருக்கிறது. காமிராவுக்கு அசல் தோல் உறை ஒன்று அதே வியாபாரியிடம் இருக்கிறதாம். விலை 2,500 ரூபாய்தானாம். அதற்கும் வரி உண்டா, அதுவும் பழைய சரக்குதானா என்று கேட்டிருக்கிறார். இரண்டுக்கும் 'ஆம்' என்றுதான் பதில் எழுதியிருக்கிறேன். நம் ஊரில் நல்ல செருப்புத் தைக்கிறவர் ஒருவர் இருந்தால், அளவு கொடுத்துத் தைத்துக்கொள்ளச் சொல்லி, விலாசமும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.